ஆடி முடியும்வரை திறக்கப்படாத கடித உறை

அனுப்புநர்:
திருமதி வள்ளிநாயகி இராஜதுரை,
பள்ளிக் கன்ரீன் பணியாளர் (ஒப்பந்தம்),
லா சப்பல், பாரிஸ் 18.

பெறுநர்:
திருமதி ஜெர்மேன் அவர்கள்,
பொறுப்பதிகாரி, பணியாளர் தகவல் பிரிவு,
நகரசபைப் பள்ளிக் கன்ரீன் நிர்வாகம் (வட பகுதி),
பாரிஸ்.

பொருள்: சக பணியாளர் திருமதி அற்புதமலர் அவர்களின் பெயர் நிரந்தரப் பணித் தெரிவுக்குப் பதிவாகாமல் போனமை, அதைத் திருத்தித் தருமாறு கோருதல், சமையலறைச் சுவரில் இருந்து கழற்றப்பட்ட அறிவித்தல் பலகை பற்றியும்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. கடந்த ஜூன் மாதம் புதிய பணியாளர் இணையத்தளத்தை அறிமுகம் செய்யத் தாங்கள் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தீர்கள். பிரெஞ்சில் பேசி முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, தங்கள் குடும்பம் புதுச்சேரியில் இருந்து வந்தது என்றும், ஏதும் குறை இருந்தால் தமிழிலேயே எழுதலாம், மெதுவாக வாசித்துக்கொள்வேன் என்றும் கூறினீர்கள். அதை நம்பி எழுதுகிறேன். என் கையெழுத்து பெரியது. ஆகவே மனு பார்வைக்கு நீளமாகத் தெரியும். விஷயம் அவ்வளவு நீளமில்லை.

2. நான் ஒன்பது வருடங்களாக இந்தப் பள்ளிக் கன்ரீனில் வேலை செய்கிறேன். முந்நூற்றுப் பத்துப் பிள்ளைகள், இரண்டு பந்தி, பதினொன்றரை தொடக்கம் ஒன்றரை வரை மூச்சுவிட நேரமில்லை. அதன் பிறகு எங்களுக்கும் சூடான சாப்பாடு உண்டு. இந்த வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலிலேயே எழுத்தில் தருகிறேன். புகார் எழுதுகிறவர்கள் எல்லோரும் வேலை பிடிக்காதவர்கள் என்று அலுவலகங்களில் நினைப்பதாகக் கேள்வி. எனக்கு இந்த வேலை பிடிக்கும். விடுமுறை நாட்களில் வீட்டில் இருக்கத்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

3. புதிய இணையத்தளத்தைப் பற்றியும் நான் குறை சொல்ல வரவில்லை. முன்பெல்லாம் வழுக்காத சப்பாத்து வேண்டுமென்றால் மூன்று படிவம் நிரப்பி, நான்கு மாதம் காத்திருந்து, முப்பத்தேழு கேட்டவளுக்கு முப்பத்தொன்பது வரும். நான் அதற்குள் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு வருடம் நடந்தவள். இப்போது கைத்தொலைபேசியில் அளவைத் தொட்டால் ஒன்பதாம் நாள் முப்பத்தேழே வருகிறது. லீவுக்கும் அப்படித்தான். கத்தி வெட்டினால் என்ன செய்வது, எந்தப் பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒவ்வாது என்பதற்கெல்லாம் சிறிய படங்கள் போட்டிருக்கிறீர்கள். நான் அவற்றைப் பேருந்தில் இருந்து பார்ப்பதுண்டு. செய்தவர்களுக்கு என் நன்றியைச் சொல்லவும்.

4. ஆனால் இணையத்தளம் வந்த அதே வாரம் எங்கள் அறிவித்தல் பலகையைக் கழற்றிவிட்டார்கள். அது குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. பயிற்சி நாட்கள், தடுப்பூசி நாட்கள், வேலை இடமாற்றங்கள் எல்லாம் அதில்தான் குத்தப்படும். வியாழக்கிழமைகளில் பாத்திரம் கழுவி முடிந்த பிறகு நான் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிரெஞ்சு சரிவராத எங்கள் ஆட்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வேன். யாரும் கேட்டு நான் தொடங்கியதல்ல. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதற்கு ஒரு வேலை கிடைத்தது, அவ்வளவுதான். பலகை இருந்த இடத்தில் சுவர் இப்போதும் வெள்ளையாக ஒரு சதுரமாகத் தெரிகிறது. அந்தச் சதுரத்தில் நான் இணையத்தளத்தில் பார்ப்பவற்றைக் கையால் எழுதி ஒட்டி வருகிறேன். அனுமதி பெறவில்லை. மன்னிக்கவும்.

5. இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பந்தப் பணியாளர்களில் பன்னிரண்டு பேரை நேர்முகத்துக்கு அழைத்து நிரந்தரமாக்கப் போவதாகவும், அதற்கு இணையத்தளம் வழியாக மட்டுமே, ஆகஸ்ட் முப்பத்தோராம் திகதிக்குள் பதிய வேண்டும் என்றும் ஜூலை தொடக்கத்தில் அறிவித்தீர்கள். அந்தப் பதிவுப் பக்கத்துக்குள் நுழைவதற்கான தனி இரகசிய இலக்கம் ஒவ்வொருவர் வீட்டுக்கும் தபாலில் வரும் என்றீர்கள். அந்தக் கடிதங்கள் ஜூலை பதின்மூன்றாம் திகதி அச்சிடப்பட்டிருக்கின்றன. பதினான்காம் திகதி குடியரசுத் திருநாள். பிறகு சனி, ஞாயிறு. ஆகவே எங்கள் கைக்கு வந்தது பதினெட்டாம் திகதி செவ்வாய்க்கிழமை. பதினேழாம் திகதி திங்கட்கிழமை ஆடி பிறந்துவிட்டது. கடிதம் பதினைந்தாம் திகதி சனிக்கிழமை வந்திருந்தால் இந்த மனுவுக்கே வேலையில்லை.

6. ஆடி என்றால் என்ன என்று அந்த அலுவலகத்தில் வேறு யாருக்காவது எழுதுவதாக இருந்தால் நான் ஒரு பக்கம் விளக்க வேண்டியிருக்கும். புதுச்சேரிக் குடும்பத்தில் பிறந்த தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆடியில் கூழ் காய்ச்சலாம், கோயிலுக்குப் போகலாம். புதிதாக ஒரு காரியம் தொடங்குவதில்லை. வீடு மாறுவதில்லை, பெண் கேட்டுப் போவதில்லை. நிரந்தர வேலை என்பது வீடு மாறுவதைவிடப் பெரிய காரியம். ஆகவே கடிதம் வந்த மறுநாள் அற்புதமலர் எனக்குத் தொலைபேசி எடுத்து, “அக்கா, கடிதம் வந்திட்டுது. உடைக்கட்டோ?” என்று கேட்டபோது நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. “ஆடி பிறந்திட்டுது பிள்ளை. இப்ப உடைக்காதையும். ஆவணி முதலாந் திகதி உடைப்பம்” என்று சொன்னேன். இதைச் சொன்னது நான்தான். இந்த மனுவில் முக்கியமான வசனம் இதுவே என்பதால் அடிக்கோடு இட்டிருக்கிறேன்.

7. இதில் தாங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அற்புதமலர் கத்தோலிக்கர், மன்னாரைச் சேர்ந்தவர். ஆடி அவருடைய மாதமே இல்லை. அவர் வீட்டில் ஆடியில் கலியாணமும் நடக்கும், கிணறும் வெட்டுவார்கள். வியாழக்கிழமைகளில் நான் வாசித்துச் சொன்னவற்றை ஏழு வருடமாக நம்பி வந்தவர், இதையும் அப்படியே நம்பிவிட்டார். “ஓம் அக்கா, நீங்கள் சொன்னால் சரி. மடுத் திருநாளும் அதுக்கை முடிஞ்சிடும்” என்றார். கடித உறையை மடு மாதா படத்தின் கீழே வைத்துத் தினமும் செபம் சொல்லியிருக்கிறார். திருநாள் ஆகஸ்ட் பதினைந்து, ஆவணி பிறப்பது பதினேழு. இரண்டு பக்கமும் சம்மதம் கிடைத்துவிட்டது என்று நானே தீர்ப்பும் சொன்னேன். இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

8. ஆகஸ்ட் பதினேழாம் திகதி காலை நான் குளித்து, விளக்கேற்றி, சுவாமி அறையில் வைத்திருந்த என் கடித உறையை எடுத்தேன். அது ஏற்கெனவே உடைபட்டிருந்தது. என் மகள் பூரணி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கடிதம் வந்த அன்றைக்கே அதைத் திறந்து, என் பெயரைப் பதிந்து, திரும்ப மடித்து இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறாள். என் வாய்க்குப் பயந்து சொல்லாமல் இருந்தாளாம். ஏனடி இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்குப் பிரெஞ்சில்தான் பதில் வந்தது: ஆடி அம்மாவுக்குத்தானே, கம்ப்யூட்டருக்கு இல்லையே என்று. நான் அவளைத் திட்டி முடிக்கவில்லை, தொலைபேசி அடித்தது. அற்புதமலர் பேசினார். “அக்கா, இலக்கம் செல்லாது எண்டு சிவப்பிலை காட்டுது. நான் பிழையா அடிக்கிறனோ?” என்று கேட்டார். அவர் பிழையாக அடிக்கவில்லை. இலக்கம் அச்சிட்ட நாளில் இருந்து முப்பது நாள்தான் செல்லுமாம். அது கடிதத்தின் உள்ளே, கடைசி வரியில், சிறிய எழுத்தில் இருக்கிறது. உறைக்கு வெளியே ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் திகதியே முடிந்துவிட்டது. ஐந்து நாள் பிந்திவிட்டோம்.

9. அதன் பின் நடந்தவற்றைத் திகதி வாரியாகத் தருகிறேன். அன்றே அவர் கடிதத்தில் போட்டிருந்த உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தார். விடுமுறைக்காகப் பூட்டியிருக்கிறது, இருபத்தெட்டாம் திகதி திறப்போம் என்று பதிவுக் குரல் சொன்னது. இருபத்தெட்டாம் திகதி திறந்தவுடன் எடுத்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார்களாம்; புதிய இலக்கம் தபாலில் பத்து நாளுக்குள் வரும் என்றார்களாம். பதிவு முப்பத்தொன்றாம் திகதி முடிகிறதே என்று கேட்டதற்கு, அது வேறு பிரிவு என்றார்களாம். புதிய இலக்கம் செப்டெம்பர் ஆறாம் திகதி வந்தது. அதை மூன்று பேரும், அதாவது அவரும் நானும் பூரணியும், எங்கள் வீட்டு மேசையில் வைத்து உடனே உடைத்தோம். இலக்கம் சரியாக வேலை செய்தது. உள்ளே போனால், பதிவு முடிவடைந்தது என்று எழுதியிருந்தது. மறுநாள் எனக்கு நேர்முக அழைப்பு வந்தது. ஒக்டோபர் மூன்றாம் திகதி, காலை ஒன்பதரை, வரிசையில் நான்காவது பெயர்.

10. நல்ல நாள் பார்த்து இருந்தது எங்கள் தவறு என்று தாங்கள் கூறலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தாழ்மையுடன் குறிப்பிட விரும்புகிறேன். எங்கள் தெருப் பாண் (ரொட்டி) கடைக்காரர் ஜூலை இருபத்தொன்பதாம் திகதி கதவில் ஒரு கடதாசி ஒட்டிவிட்டுப் போனவர், செப்டெம்பரில்தான் திரும்பினார். பல் வைத்தியர் இல்லை. வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகியது, திருத்த ஆளில்லை. கேட்ட இடமெல்லாம் செப்டெம்பரில் பார்ப்போம் என்றார்கள். இந்த நகரத்தில் ஆகஸ்ட் மாதத்தில் யாரும் ஒரு காரியமும் தொடங்குவதில்லை. அதை யாரும் மூடநம்பிக்கை என்று சொல்வதும் இல்லை. நாங்கள் ஆடியில் பொறுத்திருந்தோம், உதவி இலக்கம் ஆகஸ்டில் பொறுத்திருந்தது. இருவரும் ஒரே மாதத்தைத்தான் விட்டுவைத்திருக்கிறோம். ஆனால் பெயர் இல்லாமல் போனது ஒரு பக்கத்தில் மட்டுமே.

11. அற்புதமலரைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் பேச்சுக் குறைவானவர். பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் இருந்து ரயிலில் வருகிறார், ஏழு வருடத்தில் இரண்டு தடவைதான் பிந்தினார், இரண்டும் ரயில் வேலைநிறுத்தம். சென்ற தை மாதம் பதிலுக்கு வந்த பணியாளர் ஒருவர் முட்டை ஒவ்வாத பிள்ளைக்கு ஒம்லெட் தட்டை வைத்துவிட்டார். பிள்ளை கரண்டியைத் தூக்குமுன் அற்புதமலர் நான்கு மேசை தாண்டி வந்து தட்டை எடுத்துவிட்டார். பட்டியலைப் பார்க்கவில்லை. முந்நூற்றுப் பத்து முகமும் அவருக்கு மனப்பாடம். அதைப் பற்றிச் சமையலறைப் பொறுப்பாளர் திரு. அலெக்சிஸ் (அவரும் எங்கள் ஆள்தான்) எழுதிய குறிப்பு தங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. இந்த மனு எழுதுவதாக அவரிடம் சொன்னபோது, “மலர் இல்லாட்டி இந்தக் கன்ரீன் ஒரு நாளும் ஓடாது எண்டு எழுதுங்கோ” என்றார். எழுதிவிட்டேன்.

12. அவருக்கு இந்த நிரந்தரம் ஏன் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்லச் சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டு கணவரை இழந்து, அந்த வருடக் கடைசியில் தனியே இங்கு வந்தவர். மகள் ஷிரோமிக்கு அப்போது ஒன்பது வயது. மன்னாரில் சித்தி வீட்டில் விடப்பட்டாள். ஒரு வருடத்தில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றுதான் விட்டுவந்தார். கூப்பிடுவதற்கான விண்ணப்பக் கோப்பு ஒரு தடவை திரும்பி வந்தது. வேலை நிரந்தரமல்ல என்று அதில் எழுதியிருந்தது. ஷிரோமிக்குப் பதினேழு வயது முடிந்துவிட்டது. வருகிற மே மாதம் பதினெட்டு. அதற்கு முன் கோப்புப் போடாவிட்டால் பிள்ளை என்ற கணக்கில் கூப்பிட முடியாது என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். அடுத்த தெரிவு மூன்று வருடம் கழித்துத்தான். இந்தப் பெண் ஒரு கடித உறையை ஒரு மாதம் முழுவதும் படத்தின் கீழே வைத்துக் கும்பிட்டது எதற்காக என்று இப்போது தங்களுக்கு விளங்கும்.

13. ஆகஸ்ட் பதினேழாம் திகதி, என் பெயர் பதிவாகிவிட்ட செய்தியை நான் அவரிடம் மறைக்கவில்லை. அன்றே சொன்னேன். அவர், “நல்லது அக்கா, ஒராளுக்கெண்டாலும் சரிவந்திட்டுதே” என்றார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். மறுநாள் ஆடிக்கூழ் மிச்சம் ஏதும் இருக்கிறதா என்று வழக்கம்போல் கேட்டார். நான் அவருக்காகப் புதிதாகக் காய்ச்சினேன்.

14. ஆகவே நான் பணிவுடன் கேட்பது இதுதான். அவருடைய இரகசிய இலக்கம் ஆகஸ்ட் பன்னிரண்டில் முடிந்ததையும், உதவி இலக்கம் இருபத்தெட்டு வரை பூட்டியிருந்ததையும், புதிய இலக்கம் பதிவு முடிந்த பிறகே வந்ததையும் கருத்தில் எடுத்து, திருமதி அற்புதமலர் அவர்களின் பெயரை ஒக்டோபர் மூன்றாம் திகதி நேர்முகத்தில் சேர்த்துத் தர வேண்டும். இலக்கம் முடியும் திகதியை இனிமேல் உறைக்கு வெளியே, பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அப்படி அச்சிட்டிருந்தால் ஆடியாவது ஒன்றாவது, நானே உடைக்கச் சொல்லியிருப்பேன். கூடவே பலகையையும் திருப்பி மாட்டித் தர வேண்டும். இணையத்தளம் இருக்கட்டும், பலகையும் இருக்கட்டும். வியாழக்கிழமைகளில் வாசிக்க நான் இருக்கிறேன். இனி வாசிப்பதை மட்டும் வாசிப்பேன், என் சொந்தத் தீர்ப்பு எதையும் சேர்க்க மாட்டேன் என்று இதன் மூலம் உறுதியளிக்கிறேன்.

15. இந்த மனுவை நேற்று அற்புதமலருக்கு வாசித்துக் காட்டினேன். முட்டைக் கதையை எடுத்துவிடச் சொன்னார், நான் எடுக்கவில்லை. இந்தக் கடைசிப் பந்தியை மட்டும் அவருக்கு வாசிக்கவில்லை. பன்னிரண்டு இடமும் நிரம்பிவிட்டது, பதின்மூன்றாவது பெயருக்கு விதி இடம் கொடுக்காது என்று தங்கள் அலுவலகத்தில் சொல்லக்கூடும். அப்படியானால் நான்காவது பெயரை வெட்டிவிட்டு அவருடைய பெயரை எழுதவும். இதை யாரும் என்னை வற்புறுத்தி எழுதவில்லை, நான் கோபத்தில் எழுதவுமில்லை. ஒப்பந்தத்தில் ஒன்பது வருடம் சந்தோஷமாக இருந்தவள், இன்னும் மூன்று வருடம் இருப்பேன். என் மகள் என்னுடைய வீட்டில்தான் இருக்கிறாள். காலையும் மாலையும் என்னோடு சண்டை பிடிக்கிறாள்.

தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்பும், ஜூன் மாதத்தில் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் பேசியதற்கு நன்றியும் தெரிவித்து, நேர்முக நாளுக்கு முன்னர் ஒரு நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இடம்: லா சப்பல், பாரிஸ்
திகதி: 11.09.2017

இங்ஙனம்,
பணிவுள்ள,
(ஒப்பம்)
வள்ளிநாயகி இராஜதுரை

இணைப்புகள்:
திருமதி அற்புதமலருக்கு வந்த இரண்டு கடித உறைகளின் பிரதி, தபால் முத்திரையுடன்.
திரு. அலெக்சிஸ் எழுதிய குறிப்பின் பிரதி.
எனக்கு வந்த நேர்முக அழைப்புக் கடிதம், மூலம். திருப்பி அனுப்பத் தேவையில்லை.